கைப்பையில் ஒரு பூசைமணி

1.
இந்தக் கதைக்கு நான்தான் குற்றவாளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சாள் சிவரூபி, நாரந்தனையில் தன் வீட்டு இன்ரநெற் போனுக்கு வருகிற அழைப்புகளைத் தன் கைபேசிக்கு மாற்றித் தரச் சொன்னாள். மாற்றிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல மனுஷியாக இருந்திருப்பேன், கதை கிடைத்திருக்காது.

(செயலியில் இரண்டு தெரிவுகள் இருந்தன: ‘எல்லா அழைப்புகளும்’, ‘எடுக்காவிட்டால் மட்டும்’. நான் முதலாவதை அழுத்தினேன். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறக்க முயற்சி செய்கிறேன்.)

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடலின் மீது அந்தி, ஒரு நீலச் சேலையைப் போல—’

வெட்டிவிட்டேன். சிவரூபி சேலை உடுப்பதில்லை.

இரண்டாவது: ‘கனடாவில் காலை எட்டரை, நாரந்தனையில் மாலை ஆறு.’ இது பரவாயில்லை. அந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் குலசிங்கம் அங்கிருந்து வீட்டுப் போனுக்கு எடுப்பார். பத்தொன்பது வருடமாக, ஒருநாள் தவறாமல். வீடு அவருடையது. சிவரூபி தனியே அதில் இருக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: பொழுதுபடச் சாமியறையில் விளக்கு வைக்கவேண்டும், மணிச்சத்தம் அவருக்குப் போனில் கேட்கவேண்டும். கேட்டதும் அவர் அங்கே கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார். ஒருநாள் கேட்காவிட்டாலும் வீட்டுத் திறப்பு அனலைதீவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரி கோபிகாவின் கைக்குப் போய்விடும். கோபிகா அதற்காகப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். (இது நியாயமில்லை. எனக்குக் கோபிகாவைப் பிடிக்காது. வாசகர் கழித்துக்கொள்ளவும்.)

3.
அழைப்பு கைக்கு வந்தபின் சிவரூபி செய்தது இது. நாலரைக்கே விளக்கை வைத்தாள். பூசைமணியை, நாக்கு ஆடாமல், லேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டாள். ஸ்கூட்டியில் ஊர்காவற்றுறைக்குப் போனாள். அங்கிருந்து காரைநகருக்கு ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். பாதையில் அக்கரை போனாள். இறங்காமல் இக்கரை வந்தாள். மறுபடியும் போனாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஒரு கையில் போன், மறு கையில் மணி.

பக்கத்தில் சைக்கிளோடு நின்ற வல்லிபுரம் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டார். அழைப்பு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டார்:

“எந்தக் கோயில், பிள்ளை?”

“கனடாக் கோயில், அண்ணை.”

மூன்றாம் நாள் ஒருவர் திருநீறு கேட்டார். ஒரு கிழமைக்குள் பாதை ஓட்டுகிறவரே, “என்ன தங்கச்சி, இண்டைக்கு மணி பிந்திப்போச்சு?” என்று முறைப்பாடு வைத்தார்.

குலசிங்கத்துக்கோ பரம திருப்தி. “இப்பதான் பிள்ளை மணி வடிவாக் கேக்குது. காத்துச் சத்தமும் வருது. யன்னலைத் திறந்து வைச்சனியோ?”

“ஓம் அண்ணை. எல்லா யன்னலும்.”

4.
அக்கரையில் யார் என்று வாசகர் கேட்பார். ஆகவே, ‘காரைநகர்க் கரையில் ஜெயரூபன், நரைத்த மீசையோடு—’ என்று எழுதி, அவளிடமே வாசித்துக் காட்டினேன்.

“ஆர் இந்த ஜெயரூபன்?”

“அதை நீர்தான் சொல்லவேணும்.”

“உமக்கு வேணுமெண்டால் நீரே வைச்சிரும், மச்சாள்.”

“அப்ப என்னத்துக்கு அங்கை போறனீர்?”

“அங்கை போறேல்லை. பாதையிலை நிக்கிறனான்.” கைப்பையைத் தோளில் மாட்டினாள். “பத்தொன்பது வருசம் பொழுதுபடேக்கை நான் சாமியறைக்குள்ளை. ஒருநாளும் பொழுதுபட்டதைப் பாக்கேல்லை.”

ஜெயரூபனை மீசையோடு வெட்டினேன்.

அன்று பின்னேரம் என் கணவர் கந்தோரிலிருந்து, வேலைக்கு நடுவே, போனில் எடுத்தார். “என்ன செய்யிறீர்?” இந்தப் பகுதியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். “சமைக்கிறன்,” என்று சொல்லிச் சட்டி மூடியை ஒரு தட்டுத் தட்டினேன். போனை வைத்தபிறகுதான் யோசித்தேன்: எழுதுகிற மேசையில் சட்டி மூடி எத்தனை வருடமாக இருக்கிறது? (யோசிக்காமல் விட்டிருக்கலாம்.)

5.
கடைசி நாள் நானும் கூடப் போனேன், கதைக்காக. சூரியன் கடற்கோட்டைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதை நடுக்கடலில். போன் அடித்தது, கனடா நம்பர். சிவரூபி மணியடித்தாள். வல்லிபுரம் அண்ணை கும்பிட்டார்.

“விளக்கு வைச்சிட்டன், அண்ணை.”

“தெரியுது பிள்ளை. யன்னலாலை வெளிச்சம் தெரியுது.”

அவள் கையில் மணி தானாக இன்னொருமுறை அடித்தது.

“கேற்றடியிலை நிக்கிறன். சொல்லாமல் வந்து உன்னைச் சந்தோசப்படுத்துவம் எண்டு பார்த்தன். உள்ளுக்கை விளக்கு எரியுது. காதுக்கை மணி கேக்குது. கேற்றிலை ஆமைப்பூட்டுத் தொங்குது. வீட்டுக்குள்ளை போன் அடிச்ச சத்தமும் இல்லை. நீ எங்கையடி நிக்கிறாய்?”

(அடிக்குறிப்பு: ‘எடுக்காவிட்டால் மட்டும்’ என்பதை நான் அழுத்தியிருந்தால், வீட்டுக்குள் போன் நாலுதரம் அடித்து நின்றிருக்கும். “குளிக்கிறன்” என்று சொல்லி அரை மணித்தியாலம் தப்பியிருக்கலாம். மணியடித்துக்கொண்டு குளிக்கிற தங்கச்சியை அவர் நம்புவாரா என்பது வேறு விஷயம்.)

6.
சிவரூபி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். “எழுதுறனீர்தானே. சொல்லும், இப்ப நான் என்ன சொல்ல?”

முடிவு ஒன்று: “கோயிலுக்கு வந்தனான் அண்ணை.” வீடு தப்பும். நாளைக்கு அவள் மறுபடியும் சாமியறைக்குள்.

முடிவு இரண்டு: “கடலிலை நிக்கிறன்.” கோபிகா பெட்டியைத் தூக்குவாள்.

முடிவு மூன்று: “அண்ணை, ஒருக்காத் திரும்பி மேற்கை பாருங்கோ.” பத்தொன்பது வருடமாக அவரும் எட்டரை மணிக்குக் கட்டுண்டவர்தானே. இது கதையில் நன்றாயிருக்கும். ஆமைப்பூட்டுக்கு முன்னால் சூட்கேஸோடு நிற்கிற அண்ணன்மாரிடம் எடுபடுமா, தெரியாது.

மூன்றையும் அவளிடம் சொன்னேன். “மூண்டும் உம்மட சட்டி மூடி மாதிரித்தான் கிடக்கு,” என்றாள். (மூடி விஷயத்தை அவளிடம் சொன்னது என் பிழை.)

கரைக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. கேற்றுத் திறப்பு கைப்பையில். குலசிங்கம், “ஹலோ, ஹலோ,” என்கிறார். எனக்கு ஏலாது, ஆகவே அழைப்பை உங்களுக்கு மாற்றிவிடுகிறேன். எடுங்கள். என்னவும் சொல்லுங்கள்.

மணியை மட்டும் அடிக்காதீர்கள்.