கோழிகள் சாக வேண்டியது மதியம்

அந்த ஒத்திகையை நடத்த வைப்பதற்குள் கோழி டாக்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கால்நடைத் துறையில் அவளுக்கு அதுதான் பெயர். பறவைக் காய்ச்சல் வரும், வந்தால் நம்மிடம் ஒன்றுமே தயாராக இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் அவள் சொல்லிக்கொண்டே இருந்ததில் யாரோ கிண்டலாக வைத்தது, ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு உடை வாங்குங்கள் என்றாள். நிதி இல்லை என்றார்கள். பண்ணை ஆட்களைப் பரிசோதியுங்கள் என்றாள். அது சுகாதாரத் துறை வேலை என்றார்கள். சுகாதாரத் துறையில் போய்க் கேட்டால், கோழி உங்கள் துறைதானே அம்மா என்று தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து நாட்டில் பண்ணை பண்ணையாகக் கோழிகளைப் புதைக்கும் காட்சி தொலைக்காட்சியில் வந்த பிறகுதான், சரி, ஒரு ஒத்திகையாவது நடத்தித் தொலைப்போம் என்று துறை இயக்குநர் இறங்கி வந்தார்.

யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். காலையில் கோழிப்பண்ணை ஆள் ஒருவர் காய்ச்சலும் சிவந்த கண்ணுமாக அரசு ஆஸ்பத்திரிக்கு வருவார். அவரைத் தனி அறையில் வைத்து, மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பதுபோல் எடுத்து, குச்சியைக் குப்பையில் போட்டுவிட்டு, ஆளை அனுப்பிவிட வேண்டும். அவர் வேலை செய்யும் பண்ணையில் மதியம் கோழிகள் சாகும். நோயாளியாக நடிக்க அலுவலக டிரைவரைப் பிடித்தார்கள். நடிப்பவர் யார் என்று ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொல்லக் கூடாது, அப்போதுதான் நிஜம் மாதிரி இருக்கும் என்பதும் அவள் யோசனைதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒத்திகை நாளன்று கூட்ட அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. பெரிய திரையில் பக்கத்து நாட்டு அதிகாரிகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தார்கள். இயக்குநர் புதுச் சட்டையில் வந்து, நம் நாடு எதற்கும் தயார் என்று பேசிக்கொண்டிருந்தபோது கோழி டாக்டரின் போன் அதிர்ந்தது. தம்பி. நகரத்துக்கு வெளியே பெரிய கோழிப்பண்ணை ஒன்றில் வேலை செய்கிறவன். வேலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கமே கிடையாது. நடைவழிக்குப் போய் எடுத்தாள்.

"அக்கா, இங்க ஒரு கொட்டகையில கோழியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு விழுது. கொண்டையெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. வெளிய சொன்னா வேலை போயிடும்னு முதலாளி சொல்றாரு."

"அத விடு. உனக்கு எப்படிடா இருக்கு?"

அவன் இழுத்தான். நேற்றிலிருந்து உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம், கண் எரிகிறதாம், தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டானாம். வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. வீட்டுப் பக்கமே போகாதே, நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போ, கோழிப்பண்ணை ஆள் என்று வாசலிலேயே சொல்லு, இன்றைக்கு அங்கே எல்லாரும் தயாராக இருப்பார்கள் என்று படபடவென்று சொன்னாள். சரிக்கா என்றான். சின்ன வயதிலிருந்தே அக்கா சொல்லைத் தட்டாதவன்.

உள்ளே போய் இயக்குநரின் காதோரம் குனிந்தாள். "சார், ஒரு பண்ணையில கோழி சாகுது."

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். "அது மதியம்தானே டாக்டர்?"

"இது ஒத்திகை இல்ல சார். நிஜமா சாகுது."

"ரொம்ப இயல்பா பண்றீங்க," என்று பாராட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. உடனே ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டார். திரையில் அவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது வாய் விட்டால் நாளைக்கே நம் முட்டையை ஒருவரும் வாங்கமாட்டார்கள், சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றார். போன மாதம் இதே திரையில் பக்கத்து நாட்டுக்காரர்களை, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் பிடிபிடியென்று பிடித்ததை அவள் நினைவுபடுத்தினாள். அதனால்தான் சொல்கிறேன் என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஓங்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டலாமா என்றிருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போன் போட்டாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைப் பையில் மணி அடித்தது. அவர்தான் ஆய்வகத் தலைவர். ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஒத்திகைக்கு வந்துவிட்டோமே, வந்தே ஆக வேண்டும் என்று நீங்கள்தானே உத்தரவு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று அவர் நல்லபடியாகவே கேட்டார். ஆஸ்பத்திரியையாவது எச்சரிப்போம் என்று அடுத்து அந்த எண்ணைப் போட்டாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

யார் என்று ஒலிபெருக்கி சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் ஒத்திகைக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளி வந்தார், தனி அறையில் வைத்தோம், மாதிரி எடுத்தோம், அனுப்பிவிட்டோம், எல்லாம் எழுதிக் கொடுத்தபடியே நடந்தது. ஆள் தேர்வு பிரமாதம், அந்த இருமலைக் கேட்டு நர்ஸே பயந்துவிட்டாள், படுக்கக் கட்டில்கூடக் கேட்டார், எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்றார்.

அறையே கை தட்டியது. திரையில் பக்கத்து நாட்டுக்காரர்களும் தட்டினார்கள். டிரைவர் இவ்வளவு நன்றாக நடிப்பார் என்று யார் கண்டது என்று கோழி டாக்டருக்கே அந்தப் பதற்றத்திலும் தோன்றியது. ஆஸ்பத்திரி விழிப்பாகத்தான் இருக்கிறது, தம்பி போய்ச் சேர்ந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று மனசு லேசாகச் சமாதானமானது.

அப்போதுதான் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு டிரைவர் உள்ளே வந்தார்.

"அண்ணே, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"மொதல்ல சாப்பாடு வாங்கிட்டு வரச் சொல்லிட்டாங்கம்மா. இனிமேதான் போகணும்." அவர் கண்ணை ஒருமுறை நன்றாகக் கசக்கிக் காட்டினார். "சிவப்பு போதுமா?"

அவள் நடைவழிக்கு ஓடினாள். தம்பியின் எண்ணைப் போட்டாள். அவன் உடனே எடுத்தான், குரலில் அத்தனை நிம்மதி.

"நல்லவேளை போகச் சொன்னக்கா. மூக்குல குச்சி விட்டுப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல, போகலாம்னுட்டாங்க. வாசல் வரைக்கும் வந்து கை தட்டி அனுப்பினாங்கன்னா பாரேன்."

"இப்ப எங்கடா இருக்க?"

"வீட்லதான். அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே." பக்கத்தில் குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. "உன் மருமக என் மூக்கப் புடிச்சு இழுக்கறா. விடவே மாட்டேங்கறா."

உள்ளே இயக்குநர் ஒலிவாங்கியில் அடுத்த காட்சிக்குப் போகலாம் என்றார்.

"குழந்தையக் கீழ எறக்கி விடு," என்றாள் அக்கா.

"ஏன்க்கா?"

"எறக்கி விடுடா."