வெள்ளிவரிக்கு ஆதாரம்

பல் டாக்டருக்குப் பல்லைவிட அந்துப்பூச்சி மேல்தான் உயிர். ஊரே மருந்தடித்து விரட்டும் பூச்சியை அவர் விளக்குப் போட்டு வரவேற்பார். என்ன பிரயோஜனம்? எந்தப் பூச்சி எங்கே தென்பட்டது என்று வட்டாரத்துக்கே பதிவு எழுதுகிற பதிவாளர், அவர் மனைவியின் அண்ணன். டாக்டர் எதைக் கொண்டுபோனாலும் மச்சான் உதட்டைப் பிதுக்குவார்.

"போட்டோவா? போட்டோவ யாரு வேணா எங்க வேணா எடுக்கலாம் மாப்ளே. ஆதாரம் காட்டுங்க. உயிரோட காட்டுங்க."

இத்தனை வருஷத்தில் டாக்டர் பெயரில் ஒரு பதிவுகூட ஏறவில்லை. ஒன்றே ஒன்று ஏறினால் போதும் என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

அன்று காலை கிளினிக் குளியலறைச் சுவரில் வெள்ளிவரி உட்கார்ந்திருந்தது. வட்டாரத்தில் ஒருவர் கண்ணிலும் படாத அந்து! டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டப்பாவில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்தார். குளிரில் அந்து அசையாமல் கிடக்கும், ஆற அமரக் காட்டலாம்.

போனை எடுப்பதற்குள் மச்சானே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கடைவாய்ப் பல்.

ஊசி போட்டு, ஓட்டையைத் தற்காலிகமாக அடைத்து முடித்த கையோடு, வாயைத் திறந்தபடியே இருக்கச் சொல்லிவிட்டு டாக்டர் டப்பாவை நீட்டினார். "வெள்ளிவரிதானே மச்சான்? ஆமான்னா தலைய ஆட்டுங்க."

மச்சானின் கண் விரிந்தது. தலை மட்டும் ஆடவில்லை. என்ன வீம்பு பாருங்கள்!

"நல்லாப் பாருங்க" என்று டாக்டர் பெரிய விளக்கை இழுத்து அருகில் வைத்தார். காலமெல்லாம் வெளிச்சம் காட்டி அந்து பிடித்தவருக்கு அந்த நேரம் பார்த்துப் புத்தி வேலை செய்யவில்லை. சூட்டில் விழித்த வெள்ளிவரி பறந்துபோய் விளக்கில் முட்டி, நேராகத் திறந்த வாய்க்குள் விழுந்தது. மச்சான் விழுங்கிவிட்டார்.

"ஐயோ, என் வெள்ளிவரி!"

மச்சான் வாயைக் கொப்பளித்துவிட்டு, மரத்த நாக்கோடு குழறினார். "ஆதாரம் இல்லாம பதிய முடியாது மாப்ளே."

"ஆதாரம் உங்க வயித்துலதானே இருக்கு அண்ணா?" என்றாள் உதவிக்கு நின்ற டாக்டரின் மனைவி. அண்ணன் காதில் விழாத மாதிரி கிளம்பிப் போனார்.

அடுத்த மாதம் வட்டாரப் பூச்சி ஆர்வலர் சங்கத்தின் அறிக்கை வந்தது. வெள்ளிவரி, வட்டாரத்தில் முதல் பதிவு. கண்டவர், பதிவாளர். மிக நெருக்கத்தில் உறுதி செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பு வேறு.

அதே வாரம் மச்சான் திரும்பவும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அடைத்தது கழன்றுவிட்டதாம்.

"உயிர் போற வலி மாப்ளே, சீக்கிரம் பாருங்க."

டாக்டர் சாவகாசமாகக் கையுறையைக் கழற்றினார்.

"வலிக்குதுன்னு யாரு வேணா எங்க வேணா சொல்லலாம் மச்சான். ஆதாரம் காட்டுங்க."