அடி வரை போன பிரேக்

அர்செனியோ சவுதிக்குப் போனபோது பெண்டாட்டி பெலிங்கிடம் உருளைக்கிழங்குத் தோட்டத்தையும், ஆளும் மூட்டையும் ஏற்றும் நீட்டு ஜீப்பான ஜீப்னியையும் ஒப்படைத்துவிட்டுப் போனான். தோட்டத்தைப் பற்றி அப்புறம் அவன் கேட்டதே இல்லை. ஜீப்னியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் கேட்டான்.

"ஆயில் மாத்தினியா?"

"மாத்திட்டேன். அஞ்சாயிரம் கிலோமீட்டர் ஆகறதுக்கு முன்னாடியே மாத்திட்டேன்."

"பழசு என்ன கலர்ல இருந்துச்சு?"

"கறுப்பாத்தான். பின்ன ரோஸ் கலர்லயா இருக்கும்?"

கடலுக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்பான். பிறகு கியர் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் என்று வரிசையாக விசாரிப்பான். பெலிங் எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தாள். வண்டிக்கு அடியில் கோணிப்பையை விரித்துப் படுத்து, திருகைக் கழற்றிப் பழைய ஆயிலை வடியவிட்டுப் புதுசு ஊற்றுவதில் லம்தாங் மலையூரின் ஆம்பிளை டிரைவர்களுக்கு அவள் சளைத்தவள் இல்லை. பிரேக் ஆயில் பக்கம் மட்டும் அவள் போகக் கூடாது என்பது அர்செனியோவின் கட்டளை.

"குறைஞ்சா கொஞ்சம் ஊத்து. உடனே மூடிடு. நோண்டினா காத்து பூந்துடும். பத்து வருஷம் ஓட்டினேன், ஒரு தடவைகூட நான் அதை மாத்துனதில்ல."

அவளும் மாற்றவில்லை.

அந்த வருஷம் மழை ஓயவே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசல்வரை மூடுபனி வந்து நிற்கும். முட்டைக்கோஸ் மூட்டைகளைக் கூரையில் அடுக்கி, பெஞ்சு நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு லா திரினிதாத் சந்தைக்கு இறங்கும் வழியெல்லாம் பெலிங்கின் கால் பிரேக்கில்தான் இருந்தது. ஒரு நாள் கீழே போய்ச் சேரும்போது பிரேக் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பதுபோல் பட்டது. இரண்டு தடவை அழுத்தினாள், பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை மிதித்துப் பார்த்தால் கல்லுமாதிரி உறுதியாக இருந்தது. மனப்பிரமை என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. எப்போதும் இறக்கத்தின் கடைசியில், மூட்டை அதிகமாக இருக்கும் நாட்களில். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாத பிள்ளைமாதிரி இருக்கும். சாயங்காலம் வெறும் வண்டியாக ஏறும்போதும் ஒரு குறையும் சொல்ல முடியாது. யாரிடம் காட்டுவது, எதைக் காட்டுவது?

ஸ்டாண்டில் அவளுக்கு அடுத்த வண்டி இஸ்லாவ் என்பவருடையது. சுரங்கக் கம்பெனியில் லாரி ஓட்டியவர், வாய் நிறைய வெற்றிலை, வாய்க்கு அடங்காத கிண்டல். அவருக்கு அவள் ஆதிங், தங்கச்சி; அவளுக்கு அவர் மனோங், அண்ணன். லா திரினிதாத்தில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன ஆதிங், வண்டியிலயே பன்னி சுடுறியா? வாசனை தூக்குது."

"உங்க மூக்குக்கு எப்பவும் பன்னிதான் மனோங்."

"பிரேக்ல காலை வச்சுக்கிட்டே இறங்குற. கியர்ல இறங்கு."

"கியர்லதான் இறங்கறேன். முன்னாடி போற லாரிக்காரங்க விடணுமே!"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எச்சிலைத் துப்பப் போய்விட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷனிடம் சொன்னாள். "பிரேக் கீழ போகப் போக அமுங்குது அர்சி."

"ஆயில் ஒழுகுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஒழுகாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பயந்துகிட்டு ஓட்டாத."

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. இஸ்லாவின் வண்டி பழுதாகிக் கிடந்ததால் அவர் அன்றைக்குப் பயணியாக வந்தார். உள்ளே இடம் இருந்தும் உட்காரவில்லை. பின்படியில் நின்று கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் அவருக்குப் பிடிக்கும். பனி அடர்ந்திருந்தது. முன்னால் ஒரு காரட் லாரி, பின்விளக்கு ஒன்று மட்டும் எரிய, ஆமைமாதிரி ஊர்ந்தது. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம், எதிர்வண்டிகள் வரும் பாதைக்கு அப்பால், மலையை வெட்டிய சுவர்.

லாரி நிற்க, பெலிங் பிரேக்கை அழுத்த, லாரி நகர, அவள் காலை எடுக்க, இப்படியே வளைவுக்கு மேல் வளைவாக இறங்கினார்கள். கருகிய நாற்றம் உள்ளே வர ஆரம்பித்தது. ஒரு பெண் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். அடுத்த வளைவில் பெலிங் மிதித்தபோது பிரேக் பாதிவரை போய்த்தான் பிடித்தது. அதற்கடுத்த வளைவில் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. ஓரங்கட்டி நிறுத்திவிடலாம் என்று இடம் பார்த்தாள். ஓரமே இல்லை. பனிதான் இருந்தது.

அப்புறம் மிதித்தாள். கால் தகரத் தரையில் போய் இடித்தது.

மறுபடி மிதித்தாள். மறுபடி. செருப்புக்கு அடியில் வெறும் காற்று. வண்டி அவளைக் கேட்காமல் வேகம் எடுத்தது. கியரை இரண்டாவதுக்கு இழுத்தாள், பற்கள் அலற, கியர் விழுந்தது. இன்ஜின் உறுமியது, வேகம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் லாரியின் அந்த ஒற்றை விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. கைப்பிரேக்கை இழுத்தாள். அது பேருக்கு இருந்தது.

"பிடிச்சுக்குங்க!" என்று கத்தினாள். குரல் தன்னுடையதாகவே இல்லை.

வலப்பக்கம் திருப்பினால் பள்ளம். நேரே போனால் லாரியின் இரும்பு. இடப்பக்கம் சுவர், ஆனால் அதற்கு எதிர்ப்பாதையைக் கடக்க வேண்டும், பனிக்குள்ளிருந்து எது வருகிறது என்று யாருக்குத் தெரியும்? ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஒடித்தாள். அந்த நொடியில் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது. எதுவும் வரவில்லை. ஜீப்னி சுவரில் உரசிக்கொண்டு, விளக்கும் கண்ணாடியும் தெறிக்க, கிறீச்சிட்டுப் போய் ஓரத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நின்றது.

உள்ளே அழுகை, செபம், உருண்ட முட்டைக்கோஸ். ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரத்தக் காயங்கள், வீங்கிய முழங்கால்கள், ஆனால் எல்லாரும் நடந்தார்கள். பெலிங் பின்பக்கம் ஓடிப் பார்த்தாள். படியில் இஸ்லாவ் இல்லை. சற்று மேலே, ரோட்டின் நடுவில், ஒரு காலைத் தப்பான கோணத்தில் மடக்கிக்கொண்டு கிடந்தார். வாயிலிருந்து வழிந்தது ரத்தமா வெற்றிலையா என்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

அவரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பி, போலீஸ்காரர் வந்து சேர்வதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. "பிரேக் போயிடுச்சு சார்," என்றாள். அவர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதித்தார். முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"எது போயிடுச்சு? நீயே மிதிச்சுப் பாரு."

பெலிங் மிதித்தாள். பிரேக் கல்லுமாதிரி உறுதியாக இருந்தது.

இன்னொரு தடவை மிதித்தாள், அப்போதும் கல்தான்.

அர்செனியோவின் தம்பி டெல்ஃபின் வந்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். பட்டறைக்காரர் உடைந்த விளக்கையும் கண்ணாடியையும் மாற்றினார், பிரேக்கையும் பார்த்தார். ஒழுகல் இல்லை, கட்டைகள் தேயவில்லை, மிதித்தால் பிடிக்கிறது. ஊருக்குள் பேச்சு முடிவாகிவிட்டது. பொம்பளை பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் வேறெதையோ மிதித்திருக்கிறாள். போனில் அர்செனியோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"விடு பெலிங். உன் தப்புன்னு நான் சொல்லல. சாவியை டெல்ஃபின்கிட்ட குடுத்துடு."

"அர்சி, கால் தரைக்குப் போச்சு. சத்தியமா தரைக்குப் போச்சு."

"சரி. சாவியைக் குடுத்துடு."

கொடுத்துவிட்டாள். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று படுக்கையில் காலை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

இஸ்லாவின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இனி கோல் இல்லாமல் நடக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பெலிங் ஆஸ்பத்திரிக்கு உப்புக்கண்டப் பன்றிக்கறி போட்ட சூப்பை எடுத்துக்கொண்டு போனாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டட்டும் என்றுகூட நினைத்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்புறம் மிதிச்சா பிடிச்சுதா?"

"பிடிச்சுது மனோங். யாரும் என்னை நம்பல."

"ஆயில் எப்ப மாத்தினது? பிரேக் ஆயிலச் சொல்றேன்."

"மாத்துனதே இல்ல."

இஸ்லாவ் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஆயில் தண்ணியை இழுக்கும். காத்துல இருக்கற ஈரத்தையே குடிக்கும். நம்ம ஊர்ல ஈரத்துக்கா பஞ்சம்? சுரங்கத்துல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா வடிச்சிட்டுப் புதுசு ஊத்துவாங்க. சூடேறினா உள்ள இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஆவியைக் காலால அமுக்கி என்ன பண்றது? ஆறினதும் மறுபடி தண்ணியாயிடும். ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும்."

"இதெல்லாம் தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

"என் வண்டியிலயே நான் மாத்துனதில்ல ஆதிங்," என்றார் அவர். "அந்த நாத்தம் வந்தப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பன்னின்னு சிரிச்சேன்." வலி வந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அன்றிரவே அவள் டெல்ஃபினிடம் சொன்னாள். அண்ணியை அவன் மனாங், அக்கா, என்றுதான் கூப்பிடுவான். பொறுமையாகக் கேட்டான். "சரி மனாங், மெதுவா மாத்திக்கலாம். நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு ஒரு குடும்பத்தைக் கீழ கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துட்டேன். போயிட்டு வந்து பாக்கறேன்."

காலையில் மூடுபனிக்குள்ளிருந்து அந்தக் குடும்பம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தை, அதன் அம்மா, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மாமன்மார், ஒரே சிரிப்பு. கூரைமேல் அரிசி மூட்டையும் காலைக் கட்டிய பன்றியும் ஏறின. டெல்ஃபின் அவள் வீட்டு அடுப்படியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது என்று யாரிடமோ சொல்வது அவள் காதில் விழுந்தது.

பெலிங் ஸ்பேனரை எடுத்தாள். முன்சக்கரத்துக்குப் பின்னால் கோணியை விரித்துப் படுத்தாள். காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு துருப்பிடித்துப்போய் அசைய மறுத்தது. இரண்டு கையாலும் தொங்கினாள். விரல்முட்டி தோலுரிந்து திருகு சுழன்றது. எழுந்து டிரைவர் சீட்டில் ஏறி மிதித்தாள். மிதித்துக்கொண்டே இருந்தாள். சக்கரத்துக்கடியில் மண்ணில் கறுப்பாக ஒரு குட்டை பரவியது, அடியில் வண்டலோடு. கால் தரையைத் தொட்டதும் இறங்கினாள்.

டெல்ஃபின் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றான். "மனாங், என்ன பண்ற?"

"இப்ப மிதிச்சுப் பாரு."

அவன் ஏறி மிதித்தான். அவன் முகத்தைப் பெலிங் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கால் கீழே போன விதம் அவளுக்குத் தெரியும்.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு!"

"அதனாலதான்."

"நான் அண்ணன்கிட்ட சொல்லுவேன்."

"சொல்லு. புது ஆயில் வாங்கி ஊத்தாம இது இந்த ஊரைவிட்டு நகராது."

குழந்தையின் அம்மா குழப்பத்தோடு இறங்கினாள். மாமன்மார் முணுமுணுத்தார்கள், ஒருவன் அவளை விபத்துக்காரி என்று காதுபடவே சொன்னான். பன்றியை இறக்கி, பாத்திரங்களை இறக்கி, ஸ்டாண்டில் நின்ற கனோரின் ஜீப்னியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இது பெலிங் யோசிக்காத விஷயம். ஓடினாள்.

"கனோர், உன் பிரேக் ஆயில் எப்ப மாத்தினே?"

கனோர் சிரித்தான். "இன்ஜின் ஆயில் போன வாரம்தான் மாத்தினேன் மனாங். தேன் மாதிரி இருக்கு, பாக்கறியா?"

"நான் பிரேக் ஆயிலைக் கேக்கறேன்."

"உன் வண்டியைக் காலி பண்ணது போதாதா? என்னை விடு," என்று கியரைப் போட்டான். குழந்தையின் வெள்ளைத் துணி கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு பனி மூடிக்கொண்டது. ஒவ்வொரு வளைவிலும் அவன் அடிக்கும் ஹாரனை அவள் நின்று கேட்டாள். கேட்காமல் போன பிறகும் நின்றாள்.

அன்றைய பகல் முழுக்க அவள் சாப்பிடவில்லை. டெல்ஃபின் முறைத்துக்கொண்டே போய்ப் புது ஆயில் வாங்கிவந்தான். நான்கு சக்கரத்திலும் பழசை வடித்து, தெளிவாக வரும்வரை ஊற்றினான். வடிந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தான், துருத்தூள் ஒட்டியது. போகும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனான்.

இருட்டுகிற நேரத்தில் கனோரின் வண்டி ஏறி வந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். விபத்துக்காரி என்றவன் அவளைப் பார்த்து, "பாத்தியா, உயிரோடதான் வந்திருக்கோம்!" என்று கத்தினான். பெலிங் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் அவள் வண்டி வரிசையில் நின்றது. டிரைவர்கள் அவளை ஓட்டித் தீர்த்தார்கள். "மனாங், என் காப்பியையும் மாத்தணுமா, கறுப்பா இருக்கு!" கனோரும் சேர்ந்து சிரித்தான். அப்புறம் மற்றவர்கள் கலைந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவன் தன் வண்டியின் மூடியைத் தூக்கினான். பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். சிரிப்பு முகத்தைவிட்டு இறங்கியிருந்தது.

"ஆள் நிறைஞ்சாச்சு, எடுப்பா!" என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

கனோர் டப்பாவை மூடினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, இறக்கத்தின் பக்கம் வண்டியைத் திருப்பினான். கூரைவரை மூட்டைகள் இருந்தன.