தார்ப்பாய்க்குப் பின்னால் எட்டுப் பேர்

"கையெழுத்தப் போட்டுட்டு எந்திரி ஆத்தா. பேரு யாருதா இருந்தா என்ன, வேலை உன்னோடதுதானே?" என்றார் தங்கமுத்து.

மணிமேகலை பேனாவின் மூடியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எதிரே விண்ணப்பம் கிடந்தது. 'ஓவியர்' என்ற இடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டு, மேலே பழனிக்குமார் என்று எழுதியிருந்தார்கள். பெயர் மாற்றத்துக்கு அவள் சம்மதம் மட்டும்தான் பாக்கி. பழனிக்குமார் அவளுடைய கொழுந்தன். நேர்கோடு போடச் சொன்னால் அது சாணார்பட்டியில் கிளம்பி நத்தம் போய்ச் சேரும். ஓவியராகப் போகும் அந்த மனிதன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

திண்டுக்கல்லில் ஓர் அறக்கட்டளை, உள்ளூர்க் கலைஞர்களுக்கு நிதி தருவதாக அறிவித்திருந்தது. சொந்த ஊரில் ஒரு பொதுச்சுவரில் ஓவியம் வரைய வேண்டும். தலைப்பு: பெண்மையைப் போற்றுவோம். மணிமேகலை மூன்று முறை பஸ் ஏறிப் போய், நேர்காணலில் தேறியிருந்தாள்; மாதிரிப் படமும் தேர்வாகிவிட்டது. சுவருக்குச் சொந்தக்காரர்களின் கடிதம் ஒன்றுதான் மிச்சம். சுவர், ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கல்யாண மேடைக்குப் பின்னால் இருப்பது. கூடத்துக்குத் தலைவர் தங்கமுத்து.

"பொண்ணும் மாப்பிள்ளையும் உக்கார்ற எடம் ஆத்தா அது. தாலி கட்டுற எடம். நீ தப்பா நெனைக்காத. எனக்கு ஒண்ணுமில்ல. ஊரு சொல்லுது."

ஊர் எப்போதும் இப்படித்தான். அது எங்கேயோ உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கு மட்டும் தனிப்பட்ட முறையில் எந்த ஆட்சேபமும் இருக்காது.

"ஊருன்னா யாரு மாமா?"

"ஊருன்னா ஊருதான். புருசன் போயி நாலு வருசம்கூட முழுசா ஆகல. நாளைக்கு அந்த மேடையில எவனுக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அவ கை பட்ட செவருன்னு சொல்ல மாட்டாகளா?"

புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்த மறுமாதமே அவள் அவனுடைய பிரஷ்ஷை எடுத்தாள். சுற்றியுள்ள அங்கன்வாடிச் சுவர்களில் உள்ள யானை, ஆப்பிள், வெள்ளைச் சட்டை போட்ட முயல் எல்லாம் அவள் கை. பில் எல்லாம் பழனிக்குமார் பேரில். பள்ளிக்கூடச் சுவர்களுக்கு ஆள் எடுக்கிற இடத்தில், "உங்க பேர்ல என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டபோது அவளால் ஒரு முயலைக்கூடக் காட்ட முடியவில்லை. அதற்காகத்தான் இந்தச் சுவர்.

அடுப்படியிலிருந்து புவனேஸ்வரி, பழனிக்குமாரின் மனைவி, குரல் கொடுத்தாள். "போட்டுருங்கக்கா. கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இவுக எதுவாச்சும் ஆகி நான் பாத்ததில்ல."

மணிமேகலை கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் சுவரும் கிடையாது.

தங்கமுத்து தாராள மனதோடு மேலும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தார். அவள் பின்கதவு வழியாகத்தான் வரவேண்டும். கூடம் பார்க்க வருகிற கல்யாண வீட்டுக்காரர்கள் கண்ணில் அவள் பட்டுவிடாதபடி, மேடையை மறைத்துத் தார்ப்பாய் கட்டிவிட வேண்டும்.

"சரி மாமா," என்றாள்.

அறக்கட்டளை ஒப்பந்தம் ஏழு பக்கம். தங்கமுத்து விரலை எச்சில் தொட்டு, ஏழு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. மேடைக்குப் புதுப் பலகையும் விளக்குகளும் போட்டுத் தருகிறார்கள் என்றால் படிப்பானேன்? அடுத்த மாதம், ஆவணியில், அவர் மகள் ஜீவிதாவுக்கு அதே மேடையில்தான் கல்யாணம்.

இருபத்திரண்டு நாள் வேலை நடந்தது. தார்ப்பாய்க்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவளையும் பார்க்க வேண்டியிருக்குமே.

பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே கதவுதான். முதலில் டீயோடு வந்தது சண்முகவள்ளி. தங்கமுத்துவின் கூடப்பிறந்த தங்கச்சி. இருபத்தாறு வயதில் தாலி அறுத்தவள். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் அவள்தான் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குவாள். எந்தக் கல்யாணத்தையும் பார்த்ததில்லை.

"செத்த இப்பிடித் திரும்பி உக்காருங்க அத்தை."

"எதுக்குடி?"

"வெளிச்சம் மறைக்குது."

மறுநாள் இன்னொருத்தி வந்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு பேர். பிறகு அவர்கள் சொல்லி வெளியிலிருந்தும் சிலர்.

திறப்பு நாளில் அறக்கட்டளையிலிருந்து ஐரின் மேடம் கேமராவோடு வந்தாள். பழனிக்குமார் அண்ணனுடைய சட்டையில், நெற்றி நிறைய விபூதியோடு நின்றான். தார்ப்பாய் விழுந்தது.

சுவர் நெடுக ஆளுயரத்தில் எட்டுப் பெண்கள் சீர்த்தட்டோடு நடந்து வந்தார்கள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் காலணா அகலப் பொட்டு. முன்னால் வருகிறவள் கையில் ஆரத்தித் தட்டு. கூடம் கைதட்டியது. "உசுரோட நிக்கிறாப்ல இருக்குய்யா!" என்றார் ஒருவர். தங்கமுத்து பழனிக்குமாரின் முதுகில் தட்டினார்.

"ஓவியத்தைப் பத்தி நீங்களே சொல்லுங்க," என்று ஐரின் கேமராவைத் திருப்பினாள்.

பழனிக்குமார் தொண்டையைச் செருமினான். "இது வந்து மேடம்... பொம்பளைங்க."

"ம். சொல்லுங்க."

"ஏழு பேரு."

"எட்டு இருக்காங்க."

"ஆமா, கடைசியா ஒண்ணு சேத்தேன்."

"யார் இவங்க? கற்பனையா, ஊர்க்காரங்களா?"

அவன் சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு பின்கதவைப் பார்த்து, "மதினி, செத்த வாங்களேன்" என்றான்.

மணிமேகலை வருவதற்குள், பின்கட்டு நிலைப்படியில் ஈரக்கையோடு நின்ற சண்முகவள்ளி, "முன்னாடி நிக்கிறது நாந்தேன்" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சுவரிடம் சொன்னாள். "ஆத்தீ, எனக்குப் பூ வச்சிருக்கா!"

கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒவ்வொரு முகமாக அடையாளம் தெரியத் தொடங்கியது. கடைத்தெரு முறுக்குக்காரி. மில்லுக்குப் போகிறவள். எட்டாவது முகம் மணிமேகலை. எட்டுப் பேரும் புருஷனைப் புதைத்தவர்கள். கல்யாண மேடைக்கு நேர் பின்னால், சீர் சுமந்து.

தங்கமுத்துவுக்கு முதலில் வேர்த்தது, பிறகு வாய் திறந்தது. "ஏலே, சுண்ணாம்பு கொண்டாங்கடா! நாளைக்குள்ள இந்தச் செவரு வெள்ளையா இருக்கணும்!"

"முடியாது ஐயா," என்றாள் ஐரின். "ஆறாம் பக்கம் பாருங்க. மூணு வருஷத்துக்கு ஓவியத்தைத் தொடக் கூடாது. தொட்டா மேடைப் பலகை, லைட்டு எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போயிருவோம். நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

தங்கமுத்து விளக்குகளைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஓவியர் சுவரில் பெயர் எழுத வேண்டும், அதைப் படம் பிடித்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். அறக்கட்டளை வழக்கம் அது. பழனிக்குமார் பிரஷ்ஷைத் துடைப்பத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தான். பெயின்ட் முழங்கைக்கு வழிந்தது.

"கை நடுங்குது மேடம். இன்னிக்கு நான் குடிக்கக்கூட இல்ல." பிரஷ்ஷை மணிமேகலையிடம் நீட்டினான். "நீங்க எழுதுங்க மதினி. இந்தப் பொழப்பு எனக்கு ஏலாது."

மணிமேகலை வாங்கிக்கொண்டு ஐரினைப் பார்த்தாள். ஐரின் சங்கடத்தோடு கோப்பைப் புரட்டினாள். "சான்றிதழ் அவர் பேர்ல அச்சடிச்சாச்சும்மா. மாத்தணும்னா அடுத்த வருஷம் புதுசா விண்ணப்பிக்கணும்."

பெண்மையைப் போற்றுவதற்கு அவர்களிடமும் ஓர் ஒழுங்கு இருந்தது.

"செவருக்கு?" என்று கேட்டாள் மணிமேகலை.

"சுவருக்கு விண்ணப்பம் தேவையில்ல."

மணிமேகலை மேடையில் ஏறினாள், முன்பக்கப் படி வழியாக. மணமக்கள் உட்காரும் இடத்துக்குத் தோள் உயரத்தில், சாண் அளவு எழுத்தில், அவசரமில்லாமல் தன் பெயரை எழுதினாள்.

ஆவணியில் ஜீவிதாவின் கல்யாணம் நடந்தது. அந்த முகூர்த்தத்துக்கு வேறு கூடம் எதுவும் காலியில்லை. மணிமேகலைக்கும் பத்திரிகை வந்தது. மேடைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று ஊர் சொல்லியனுப்பியிருந்தது. அவள் போகவில்லை. பள்ளிக்கூட வேலைக்குக் காட்ட, சுவரைப் பெயரோடு போட்டோ எடுத்துக்கொண்டு அன்று திண்டுக்கல் பஸ் ஏறியிருந்தாள்.

நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. போட்டோகிராபர் கையை ஆட்டினான். "பொண்ணோட அப்பா, செத்த தள்ளி நில்லுங்க. ஆரத்தித் தட்டோட நிக்கிற அந்தம்மா முகத்த மறைக்கிறீங்க. படத்துக்கே அவுகதான் லட்சணம்."

தங்கமுத்து தள்ளி நின்றார். பின்கட்டில் சண்முகவள்ளி நூற்றைம்பது பேருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.