பீட்டர் வைத்த பெயர்

குகைக்குள் இறங்கித் திரிகிறவர்களுக்கு என்ன பெயர் என்று கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்புக் கம்பெனிக்காரர்களைக் கேட்டால், 'வவ்வா' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தவன் பீட்டர்.

லீவு விட்டால் போதும், அங்கே பீட்டரோடு வேலை பார்க்கும் ரகு சென்னையில் இருக்கும் ஒரு குழுவோடு கயிறும் ஹெல்மெட்டுமாகக் கிளம்பிவிடுவான். பூண்டிப் பக்கம் குடியம் குகையில் பிடித்த பைத்தியம், மேகாலயா வரை இழுத்துக்கொண்டு போனது. குழு கொடுத்த பனியனின் முதுகில் 'குகை ஆய்வாளர்' என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்கு வந்து, "இனிமே என்னை இப்படித்தான் கூப்டணும்" என்றான்.

"ஆய்வாளரா? அது ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டருக்குடா. இருட்டுல தொங்கினு வர்றவனுக்கு வவ்வா போதும்" என்றான் பீட்டர். சோறு போட்டுக்கொண்டிருந்த பீட்டரின் மனைவி சாராள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அவன் 'வவ்வாண்ணா'. ரகு கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். ஒட்டினது ஒட்டினதுதான்.

அந்தத் திங்கட்கிழமை, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த நிலத்தடித் தொட்டியைக் கழுவ சூப்பர்வைசர் பீட்டரை இறக்கினார். காற்றைச் சோதிக்கிற கருவியா? ஆடிட்டுக்கு ஆள் வரும்போது மட்டும் அலமாரியை விட்டு எழுந்தருளும் உற்சவர் அது. அன்று அதில் பேட்டரிகூட இல்லை. இறங்கிய பீட்டரிடமிருந்து சத்தமே வரவில்லை.

"வவ்வாவ கூப்புடுங்கடா!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஓடிவந்த ரகுவின் இடுப்பில் கயிற்றையும் கட்டிவிட்டார்கள். அவன் கேன்டீனில் கிடந்த மெழுகுவர்த்தியை வாங்கி, கொளுத்தி, ஒரு டப்பாவில் வைத்துத் தொட்டிக்குள் இறக்கினான். பாதி தூரம் போனதும் சுடர் பொசுக்கென்று அணைந்தது. மறுபடி கொளுத்தி இறக்கினான். மறுபடியும் அணைந்தது.

டார்ச் வெளிச்சத்தில் கீழே பீட்டரின் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. சாராள் மாவுக் கையோடு ஓடிவந்து ரகுவின் சட்டையைப் பிடித்தாள்.

"வவ்வாண்ணா, எத்தினி குகைல எறங்கிக்கிற! இது சின்னத் தொட்டிண்ணா. எறங்குண்ணா!"

"உள்ள காத்து இல்லம்மா. எறங்கினா நானும் அங்கியே வுய்ந்துடுவேன். ஃபயர் சர்வீஸ் வந்துகினுகீது. டேய், பெரிய ஃபேன் எட்த்தாங்கடா, மேலருந்து காத்து அடிக்கலாம்!"

"அவரு உள்ள கீறாருண்ணா..."

ரகு இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். இறங்கத் தெரியும்; இறங்கினால் ஏறமுடியாது என்பதும் தெரியும். படித்ததெல்லாம் பாழாய்ப் போகட்டும், குதித்துவிடு என்று மனசு கதறியது. கால் அசையவில்லை.

மூச்சுக் கருவியோடு வந்த தீயணைப்பு வீரர்கள் பீட்டரைத் தூக்கியபோது உயிர் இல்லை. "நீ எறங்காதது நல்லதாப் போச்சுப்பா. எறங்கியிருந்தா ரெண்டு பொணம்" என்றார் ஒருவர். நல்லதாம்! அந்த வார்த்தையைக் கேட்டதும் ரகுவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

துக்க வீட்டில் அவன் வாசலோரமாகவே நின்றான். வவ்வாண்ணா என்று கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டினால்கூடப் போதும் என்று காத்திருந்தான். சாராள் திரும்பவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அவளுடைய பெரியம்மாதான், "யாரும்மா அந்த ஆளு? காலைலருந்து நின்னுகினே கீறாரு" என்று கேட்டாள்.

சாராள் நிமிர்ந்து ரகுவைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"அவரா? குகை ஆய்வாளரு" என்றாள்.