தடுப்புக்குப் பின்னால் இருவர்

...அப்படியென்றால் வாக்குச்சாவடியின் அந்த அட்டைத் தடுப்புக்குள் ராஜாவே வந்தாலும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அப்பா வகுப்பில் முழங்கியதெல்லாம் யாருக்கு, என்று நினைத்தபடியே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நகர்ந்தாள், கண் தெரியாதவரோடு துணைக்கு ஒருவர் போகலாம், அவர் சொல்லும் சின்னத்தில் முத்திரை குத்தலாம், அது சட்டம், சற்று முன் பெண்கள் வரிசையில் போய்த் தன் ஓட்டையும் அவர் சொன்ன குடைச் சின்னத்துக்கே போட்டாளே, அது எந்தச் சட்டம்?... கை தானாகப் போய்விட்டது. ஆனால் அவருடைய ஓட்டை மணியில்தான் குத்தப்போகிறாள், அவருக்கு எப்படித் தெரியப்போகிறது, மணிச் சின்னக்காரர் படிப்பை விட்டவர்களுக்கு மாலைப் பள்ளி திறக்கிறாராம். "ஓட்டுக்காக ஒரு பள்ளிக்கூடமாம், ஏமாறுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று காலையில் அப்பா சிரித்தார், அவளும் கூடச் சிரித்தாள், ஏன் சிரித்தாள்?

சிந்திக்கத் தெரிந்தவர்கள் சம்மதித்ததால்தான் அரசாங்கம், அந்தச் சம்மதத்தைத் திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர், கண் மங்கியதும் எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்தினார், வாசித்துக்காட்ட ஆள் வேண்டுமே... அவளிடம் சம்மதம் கேட்டாரா? மனிதனின் சுதந்திரம் பற்றிய தடித்தடிப் புத்தகங்களைத் தொண்டை கட்டும்வரை வாசித்தாள், நிறுத்தினால் "ம், மேல படி" என்பார்.

"பெரியவரே, ஓட்டுப் போட வந்தீங்களா, பாடம் எடுக்கவா?" என்று பின்னால் யாரோ கேட்க நான்கு பேர் சிரித்தார்கள். வாசலில் இருந்த அதிகாரியிடம் இரகசிய வாக்கின் வரலாற்றைத் தொடங்கியிருந்த அப்பா பாதியில் வாயை மூடிக்கொண்டார். தடுப்புக்குள் வந்ததும் அவள் முத்திரையை மையில் ஒற்றினாள், குடைக்குக் கீழே மணி, ஒரே குத்து, முடிந்தது... அப்போது அவர் அவள் காதருகே குனிந்தார். "உனக்கு எது சரின்னு படுதோ அதுலயே குத்தும்மா. குடையோ மணியோ, எனக்கு யாரையும் நம்பத் தோணல."

இத்தனை வருடம் கேட்காதவர் இன்றைக்கா கேட்க வேண்டும், திருட வந்த இடத்தில் வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிட்டால் எதை எடுப்பது? மணிதான், ஏன் மணி, மாலைப் பள்ளிக்காகவா, அவரை எதிர்க்கவா? ஒவ்வொரு காரணமாக எடுத்துப் பார்த்தாள், எல்லாமே அவர் குரலில் பேசின, மறுப்பும் அவர் குரலிலேயே வந்தது, தன் குரல் எப்படியிருக்கும்... முத்திரையில் மை காயத் தொடங்கியது.

"குத்திட்டியா?"

"இருங்கப்பா, யோசிக்கிறேன்" என்றாள். அதைச் சொன்னது யார் என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை.