பூவரசில் மாட்டிய ரம்பம்

புயல் அடித்து ஓய்ந்த அடுத்த மாதம் தங்கச்சிமடம் மாதா கோயிலுக்கு ஒரு மிஷின் ரம்பம் வந்தது. விழுந்து கிடந்த மரங்களை அறுத்துப் பாதை விடவும், குடிசை போடக் கட்டை எடுக்கவும் சாமியார் எங்கெங்கோ கேட்டு வாங்கியது. கொழும்பில் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவன் என்பதால் அதை வியாகுலத்தின் கையில் கொடுத்தார்.

பாம்பனில் ஸ்கூட்டரும் மண்ணெண்ணெய் இஞ்சினும் பழுது பார்க்கிற பாக்கரிடம் வியாகுலம் அதைக் கொண்டுபோய்க் காட்டினான்.

"புது இஞ்சினுப்பா இது. பிஸ்டனும் சிலிண்டரும் இன்னும் ஒண்ணோட ஒண்ணு பழகல" என்றான் பாக்கர். "பெட்ரோல்ல எண்ணெயைக் கொஞ்சம் கூடவே கல. புகை வந்தா வரட்டும். முழு விசை குடுத்துராத, பெரிய மரத்துல வைக்காத. கொஞ்ச நேரம் ஓட்டு, நிப்பாட்டி ஆற விடு. அப்புறம் ஓட்டு."

"எத்தன நாளைக்கு?"

"சத்தம் மாறும். அப்ப உனக்கே தெரியும்."

ஓட்டுவது வியாகுலத்துக்குச் சிரமமாக இல்லை. ஆற விடுவதுதான் முடியவில்லை. இஞ்சின் நின்றதும் காது அடைத்ததுபோல் ஓர் அமைதி வரும். அதில் அண்ணன் கில்பர்ட்டின் நினைப்பு வரும். புயலுக்கு முந்தின வாரம் மீன்பாடு பார்த்து வலை போடத் தனுஷ்கோடிக்குப் போனவன் கில்பர்ட். திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அதனால் இஞ்சின் ஆறும் நேரமெல்லாம் வியாகுலம் எதையாவது செய்துகொண்டிருந்தான். புதுச் சங்கிலி இளகிக்கொண்டே இருந்தது. அதை இழுத்து இறுக்கினான். காற்று வடிகட்டியைக் கழற்றி மணலைத் தட்டினான். கூராகவே இருந்த பல்லை மறுபடி அரத்தால் ராவினான். பிளக்கைத் துடைத்தான். ஒன்றுமே மிச்சமில்லாதபோது கடல்வரை நடந்துவிட்டுத் திரும்பினான்.

"என்னப்பா, மிஷினு தூங்குதா?" என்று ஆட்கள் கேட்டால் எரிந்து விழுந்தான்.

எல்லார் வீட்டு மரத்தையும் அறுத்தான். அண்ணன் வீட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. கடைசியில் அண்ணன் மனைவி ஜோதிமேரியே அவனைத் தேடி வந்தாள்.

"தம்பி, எங்க வீட்டு மேல கெடக்குற பூவரசு உன் கண்ணுல படலயா?"

"வாரேன் மதினி. மிஷினு இன்னும் பழகல. அது பெரிய மரம்."

"எங்க ஆத்தா வீட்டு மூலையில எத்தன நாளு ஒண்டிக்கிட்டுக் கெடக்க? நாளைக்கு வா."

மறுநாள் போனான். பூவரசு வேரோடு சாய்ந்து குடிசையை நசுக்கிக்கொண்டு கிடந்தது. கிழிந்த கூரைக்குள்ளிருந்து அண்ணனின் வலை தொங்கியது. வியாகுலம் அதைப் பார்க்காமல் ரம்பத்தை நேராக அடிமரத்தில் வைத்தான். சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. விசையை முழுக்க அமுக்கினான். மரத்தூள் பீறிட்டது. சத்தம் ஏறி ஏறிக் கீச்சென்று மெலிந்து, சட்டென நின்றது. இஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தான். அசையவில்லை. ரம்பம் பாதி மரத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றாள் ஜோதிமேரி.

"பிஸ்டன் சூட்டுல பிடிச்சிக்கிருச்சு." "பாக்கர் பாயைக் கூட்டிட்டு வாரேன்."

"போனா திரும்பி வருவியா?"

வேகமாகப் போனான். ஆனால் வந்தான். பாக்கர் ஆப்பு அடித்து வெட்டை அகட்டி ரம்பத்தை வெளியே எடுத்து, அங்கேயே சாக்கை விரித்து சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டனின் ஒரு பக்கம் உராய்ந்து கோடு கோடாக இருந்தது. அதன் அலுமினியம் உருகி சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல. உனக்கு என்ன அவசரம்?"

வியாகுலம் சாக்கில் கிடந்த திருகுகளைப் பொறுக்கினான். "இந்த வீட்டுல அவனுக்குக் கால் தரிக்கல பாய்" என்றாள் ஜோதிமேரி.

பாக்கர் அப்பியிருந்ததை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து எடுத்தான். இறுகிப்போன பிஸ்டன் வளையத்தைப் பெயர்த்துச் சுத்தம் செய்து மாட்டினான். "அல்லா காப்பாத்துனான், உடையல. மறுபடி முதல்லேருந்து பழக்கு. சின்னக் கொப்பா பாத்து வெட்டு."

வியாகுலம் எண்ணெய் கூட்டிக் கலந்து, பாதி விசையில் சிறு கிளைகளிலிருந்து ஆரம்பித்தான். புகை முற்றத்தில் சுற்றியது. இஞ்சினை நிறுத்தியதும் வழக்கம்போல ஸ்பானரை எடுத்துச் சங்கிலியை இறுக்கப் போனான்.

"அது இறுக்கமாத்தான் இருக்கு. உக்காரு" என்றாள் ஜோதிமேரி.

வெட்டிய கிளைமேல் உட்கார்ந்தான். காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அவள் செம்பில் நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சாமியாருட்ட பூசைக்குச் சொல்லணும் தம்பி. நீ வருவ வருவன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். எம் புருசன் செத்துப்போனாருன்னு நா ஒருத்தியா போயி எப்பிடிச் சொல்ல?"

"சொல்லிட்டா அண்ணன் செத்துப்போயிரும்ல மதினி."

"போயிட்டாரு தம்பி" என்றாள். "எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

வியாகுலம் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். புயலுக்குப் பிறகு அவன் அழுதது அதுவே முதல் முறை. இஞ்சின் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுப்பவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் கோயிலுக்குப் போனார்கள். யாருக்குப் பூசை என்று சாமியார் கேட்டார். ஜோதிமேரி வியாகுலத்தைப் பார்த்தாள். வியாகுலம்தான் அண்ணன் பெயரைச் சொன்னான்.

வெளியே வந்ததும் மதினியை அவளுடைய ஆத்தா வீட்டில் விட்டான். அதன் பிறகும் அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பொழுது இறங்குகிறவரை கடலோரமாக நடந்துகொண்டே இருந்தான்.